பழைய வைக்கோல் கட்டு மெஷின் வாங்கப் போறீங்களா? பெயிண்டை பார்க்காதீங்க... முடிச்சை பாருங்க!

மாடு தெருவுக்கு வந்தால் அபராதம். கொட்டகையிலேயே கட்டிப் போட்டால் தீவனச் செலவு. திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் நாலு மாடு வைத்து பால் கறந்து பிழைப்பவர்களின் பாடு இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக் கிடக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் திருவொற்றியூரில் தெருவில் நடந்து போன பெண்ணை எருமை மாடு ஒன்று முட்டி, கொம்பில் சிக்கிய நிலையில் தரதரவென இழுத்துச் சென்றது. அந்த கேமரா காட்சியை பார்த்து ஊரே பதறியது. அடுத்த மாதமே மாநகராட்சி கூட்டத்தில் அபராதத்தை ஏற்றி விட்டார்கள். தெருவில் மாடு பிடிபட்டால் 5 ஆயிரம் ரூபாயாக இருந்தது முதல் முறைக்கு 10 ஆயிரம் ஆனது. மறுபடியும் சிக்கினால் 15 ஆயிரம். ஒரு மாடு பல நாள் கறந்து கொடுக்கும் காசு ஒரே நாளில் போய் விடும்.

அதனால் மாட்டை அவிழ்த்து விட முடியாது. கட்டி வைத்தால் தின்னக் கொடுக்க வேண்டும். பச்சைப்புல் கிடைக்காத இடத்தில் ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 5 முதல் 8 கிலோ வைக்கோல் போகும். நாலு மாடு என்றால் மாதத்துக்கு சராசரியாக முக்கால் டன் அளவுக்கு வரும்.

இத்தனைக்கும் வைக்கோல் விளையும் இடம் தூரமில்லை. மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், கும்மிடிப்பூண்டி என்று எண்ணூரை தாண்டினாலே நெல் வயல்தான். எல்லை தாண்டினால் சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை. வயலில் கிடக்கும்போது வைக்கோலுக்கு பெரிய விலை கிடையாது. அதை வாரி, கட்டி, ஏற்றி, இறக்கும்போதுதான் விலை ஏறுகிறது. ‘நாமே ஒரு மெஷின் வாங்கி மாமன், மச்சான் நிலத்துல ஓட்டினா என்ன?’ என்ற யோசனை பலருக்கும் வருவது இதனால்தான்.

புது மெஷின் விலையை கேட்டால் தலை சுற்றும். சின்ன செவ்வக கட்டு போடும் பேலர் புதுசு சுமார் 10 லட்சம் ரூபாயை ஒட்டி நிற்கிறது. அங்கேதான் புரோக்கர் வருவார். ‘அண்ணே, பஞ்சாப்ல ஒரே சீசன் ஓடின மெஷின். பாதி விலை. பெயிண்ட் கூட போகல’ என்பார். பெயிண்ட் போகாமல் இருப்பதற்கு காரணம், போன வாரம்தான் அடித்தது என்பதாகவும் இருக்கலாம்.

மெஷின் ஏன் தேவைப்பட்டது?

கையால் அறுத்து களத்தில் கதிர் அடித்த காலத்தில் வைக்கோல் நீளமாக, கத்தையாக கிடைக்கும். அதை அப்படியே பிரி போட்டு கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு நெல் தொட்டிக்கு போகிறது, வைக்கோல் நசுங்கி, நொறுங்கி வயலிலேயே வரிசையாக விழுகிறது. அதை கையால் வாரி கட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டாது. டிராக்டர் பின்னால் ஓடியபடியே வைக்கோலை வாரி, அமுக்கி, கயிறு போட்டு கட்டி பின்பக்கம் தள்ளும் மெஷின்தான் பேலர்.

தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் ஓடுவது உருளை கட்டு போடும் சின்ன மெஷின். எடை குறைவு, விலையும் செவ்வக மெஷினை விட ரொம்ப குறைவு. அப்புறம் ஏன் செவ்வகம்? லாரியிலும் கொட்டகையிலும்தான் அதன் அருமை தெரியும். செங்கல் மாதிரி இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். உருளையை அடுக்கினால் நடுவில் நடுவில் காற்றுதான் பயணம் செய்யும். காசிமேடு, தண்டையார்பேட்டை சந்துகளில் இருக்கிற பத்துக்கு எட்டு கொட்டகையில் இந்த வித்தியாசம் பெரிசு. வைக்கோல் லாரி மேலே போகிற கரண்ட் கம்பியில் உரசி தீப்பிடித்தது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, உதிரி வைக்கோலை வானம் முட்ட ஏற்றுவதுதான் அதற்கு பெரிய காரணம். இறுக்கமான செவ்வக கட்டு என்றால் அதே எடையை உயரம் குறைத்து ஏற்றலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

முன்னால் இருக்கும் பிக்கப் பற்கள் வைக்கோலை வாரி பக்கவாட்டில் தள்ளும். அங்கே ஒரு நீளமான இரும்புப் பெட்டி. அதற்குள் பிளஞ்சர் என்ற கனமான இரும்பு, டிரெயின் பிஸ்டன் மாதிரி முன்னும் பின்னும் ஓடும். நிமிடத்துக்கு 80 முதல் 100 தடவை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கை வைக்கோல் அமுங்கும். 12 முதல் 18 குத்தில் ஒரு கட்டு தயார். பெட்டியின் வாய் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு 18 அங்குலம். கட்டின் நீளத்தை நாம் கூட்டி குறைக்கலாம். ஓட்டுகிறவர் வைக்கிற இறுக்கத்தைப் பொறுத்து நெல் வைக்கோல் கட்டு 15 முதல் 25 கிலோ வரை நிற்கும்.

கட்டு நகர நகர ஒரு பல் சக்கரம் நீளத்தை அளக்கும். அளவு வந்ததும் ‘கட்டு போடு’ என்று கிளட்சை தட்டி விடும். அடியிலிருந்து வளைந்த இரண்டு ஊசிகள் கயிற்றோடு மேலே வரும். மேலே இரண்டு முடிச்சு பாகங்கள் காத்திருக்கும். மெக்கானிக்குகள் இதை நாட்டர் என்பார்கள். கிளி மூக்கு மாதிரி ஒரு கொக்கி கயிற்றை சுற்றிக் கொண்டு ஒரு சுழற்சி சுழலும், வாய் திறந்து கயிற்றை கவ்வும், கத்தி வெட்டும், ஒரு கை முடிச்சை வழித்து தள்ளும். கண்ணை மூடி திறப்பதற்குள் எல்லாம் முடிந்து விடும்.

இந்த கிளி மூக்கு புது சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி என்பவர் 1870-களில் கதிர் கட்டும் மெஷினுக்காக செய்த முடிச்சு அமைப்பின் வழியில் வந்ததுதான். அதை வயலில் ஓடிக்கொண்டே தானாக கட்டும் பேலரில் பொருத்தி ஓட வைத்தவர் பென்சில்வேனியாவை சேர்ந்த எட் நோல்ட். 1940-ல் நியூ ஹாலந்து கம்பெனி அந்த பேலரை வாங்கி தயாரிக்க ஆரம்பித்தது. இன்றைக்கும் செவ்வக பேலர் என்றால் உள்ளே அதே வித்தைதான்.

கையளவு பாகம்... அதுதான் உயிர்!

ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ள மெஷின். ஆனால் அது காசு சம்பாதித்து தருமா, தராதா என்பது கையில் பிடிக்கிற அளவுள்ள இந்த இரண்டு நாட்டரில்தான் இருக்கிறது. பாடி துரு பிடித்தால் வெல்டிங் அடிக்கலாம். ஷாப்ட், புஷ் தேய்ந்தால் மணலி, திருவொற்றியூர் பக்கம் லேத் பட்டறைக்கு பஞ்சமே இல்லை, கடைந்து கொடுத்து விடுவார்கள். பேரிங், செயின், போல்ட் எல்லாம் பாரிமுனையில் தேடினால் கிடைக்கும். நாட்டர் கொக்கியை மட்டும் அப்படி ஒப்பேற்ற முடியாது. வழவழப்பாக தேய்த்து, சரியான கடினத்தில் செய்த சாமான் அது. ஒரு சின்ன பிசிறு, ஒரு துரு பொட்டு இருந்தால் கயிறு அதில் சிக்கி முடிச்சு நழுவும். அந்த மாடலுக்கு உள்ள ஒரிஜினல் பாகம்தான் போட வேண்டும்.

அதிலும் பஞ்சாப், அரியானா மெஷின் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கே வைக்கோல் எரிப்பை தடுக்க 2018-ல் மத்திய அரசு மானிய திட்டம் கொண்டு வந்தது. பின்னர் பேலரும் மானிய பட்டியலில் சேர்ந்தது. அறுவடை முடிந்து கோதுமை விதைப்பதற்குள் சில வாரத்தில் வயலை காலி செய்தாக வேண்டும் என்பதால் அந்த மெஷின்கள் விடிய விடிய ஓடும். நெல் வைக்கோலில் மணல் சத்தான சிலிக்கா அதிகம். புல்லை கட்டுவதை விட இதை கட்டும்போது கத்தியும் கொக்கியும் சீக்கிரம் தேயும். ‘ஒரே சீசன்’ என்ற பேச்சை நம்பி பிரயோஜனம் இல்லை. மெஷினில் கட்டு எண்ணிக்கை காட்டும் கவுன்டர் இருந்தால் அதை பாருங்க. அது கழற்றப்பட்டிருந்தால் அதுவே ஒரு பதில்தான்.

எப்படி சோதிப்பது?

முதலில் டிராக்டர் எஞ்சினை நிறுத்தி, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக் கொள்ளுங்க. கயிற்றை கோர்த்து, கட்டு போடும் கிளட்சை கையால் தட்டி விட்டு, பிளைவீலை அது ஓடும் திசையிலேயே கையால் மெதுவாக சுற்றச் சொல்லுங்க. ஊசி பிளஞ்சரில் உரசாமல் ஏற வேண்டும். கயிற்றை கொக்கியின் மேல் சரியாக படுக்க வைக்க வேண்டும். ஊசியில் வெல்டிங் அடித்த தழும்பு இருந்தால், முன்பு ஒரு தடவை பிளஞ்சரில் மோதி உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது நிஜ சோதனை. நெல் வைக்கோலிலேயே 50 கட்டு போட்டு காட்டச் சொல்லுங்க. நாலு கட்டு போட்டு விட்டு ‘பார்த்தீங்களா, ஜம்முனு இருக்கு’ என்றால் ஒத்துக்கொள்ளாதீங்க. நாலு கட்டு எந்த மெஷினும் போடும். சூடேறி, தூசி ஏறிய பிறகுதான் சாயம் வெளுக்கும். ‘இப்ப சீசன் இல்லண்ணே’ என்று நழுவினால், பழைய வைக்கோல் கட்டுகளை பிரித்து தரையில் வரிசையாக போட்டு அதன் மேல் ஓட்டச் சொல்லலாம். அதற்கும் மனசு வரவில்லை என்றால் வேறு மெஷின் பார்ப்பது உத்தமம்.

கட்டு பிரிந்து போனால் அந்த கயிற்றை தூக்கிப் போடாமல் எடுத்து நுனியை பாருங்க. ஒரு நுனியில் முடிச்சு இருந்து மறு நுனி மொட்டையாக இருந்தால், கயிற்றை பிடித்து வைக்கும் வட்டு தளர்ந்திருக்கிறது. நுனி நார்நாராக பிய்ந்திருந்தால் கத்தி மழுங்கல், இல்லையென்றால் பிடி அதிக இறுக்கம். இவை சரி செய்யக் கூடியவை. விலையை குறைத்து வாங்கலாம். ஆனால் ஒரு தடவை ஒரு மாதிரி, அடுத்த தடவை வேறு மாதிரி பிரிந்தால் நாட்டரின் கியர், புஷ் எல்லாமே தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கலாம். நாட்டரை கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாட்டர் 50 முடிச்சுக்கு 1 தவறினால் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். நாட்டர் இரண்டு. எதில் ஒன்று தவறினாலும் கட்டு பிரியும். ஆக 100 கட்டுக்கு 4 போச்சு. மணிக்கு 200 கட்டு ஓடினால் 8 தடவை ஆள் இறங்கி வாரி மறுபடி போட வேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டும் தொழிலில் டீசல் உங்களுடையது, கூலி உங்களுடையது, பிரிந்த கட்டுக்கு காசு கிடையாது.

நாட்டருக்கு அடுத்தபடியாக பார்க்க வேண்டியது பிளஞ்சர் கத்தி. ஓடும் கத்திக்கும் பெட்டியில் நிற்கும் கத்திக்கும் நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். இதை அளக்க கருவி கூட வேண்டாம். போட்ட கட்டின் பக்கத்தை பாருங்க. ஒரு பக்கம் முடி வெட்டியது போல நறுக்கென்று இருந்தால் சரி. வைக்கோல் வெட்டுப்படாமல் வால் வாலாக தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது பிளஞ்சர் ஓடும் தடம் தேய்ந்து ஆடுகிறது. மழுங்கிய கத்தியோடு ஓட்டினால் முழு மெஷினும் உதறும், கியர்பாக்ஸ் வரைக்கும் அடி விழும்.

பிளைவீலில் ஒரு ஷியர் போல்ட் இருக்கும். கல்லோ கட்டையோ சிக்கினால் அது முதலில் உடைந்து மற்ற பாகங்களை காப்பாற்றும். வீட்டு பியூஸ் மாதிரி. சிலர் ‘அடிக்கடி உடையுது’ என்று அதற்கு பதில் கெட்டியான போல்ட்டை முறுக்கி வைத்திருப்பார்கள். பியூசுக்கு பதில் கம்பியை சுற்றிய வேலைதான் இது. அப்படி பார்த்தால் கியர்பாக்சை திறந்து காட்டச் சொல்லுங்க.

கடல் காத்து சும்மா விடாது

மெஷின் எங்கே நின்றது என்பதும் முக்கியம். எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தார்ப்பாய் கூட இல்லாமல் நின்ற இரும்பு என்ன கதி ஆகும் என்று இந்த பக்கத்து ஆட்களுக்கு சொல்லித் தர வேண்டியதில்லை. பேலரின் பெட்டி உள்பக்கம் வைக்கோல் உரசி உரசி கண்ணாடி போல் பளபளக்க வேண்டும். அங்கே துரு ஏறியிருந்தால் கட்டு நகராமல் அடைக்கும். வாங்கிய பிறகும் இதே கவலைதான். சீசன் முடிந்ததும் உள்ளே இருக்கிற வைக்கோலை முழுசாக எடுத்து விட்டு, நாட்டரில் கிரீஸ் பூசி, மூடி வைக்க வேண்டும். முடிந்தால் மீஞ்சூர் பக்கம் உறவுக்காரர் வீட்டு கொட்டகையிலேயே விட்டு வைப்பது நல்லது. கடற்கரை சந்தில் நிறுத்த வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீங்க

டிராக்டருக்கு ஆர்.சி. புக் இருக்கிறது. பேலருக்கு அது கிடையாது. யார் சொந்தக்காரர் என்று காட்ட முதல் பில்லும், மெஷினில் அடித்திருக்கும் சீரியல் நம்பர் தகடும்தான் ஆதாரம். இரண்டும் பொருந்த வேண்டும். பேங்க் கடனில் வாங்கியதா, கடன் முடிந்து விட்டதா என்று சான்று கேளுங்க. மானியத்தில் வாங்கிய மெஷின் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று எழுத்துப்பூர்வமாக தெரிந்து கொள்ளுங்க. இல்லாவிட்டால் நாளைக்கு அதிகாரி வந்து நிற்கும்போது பணமும் போய், மெஷினும் போகும்.

‘ஹார்பர்ல இறங்கின வெளிநாட்டு மெஷின்’ என்றும் ஒரு தூண்டில் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் உள்ள ஏரியா என்பதால் இந்த பேச்சு சுலபமாக எடுபடும். அப்படி வந்தது நிஜம் என்றால் கஸ்டம்சில் போட்ட பில் ஆஃப் என்ட்ரி இருக்கும். பழைய இயந்திரம் என்பதால் அதன் வயசு, மதிப்பு பற்றி சார்ட்டர்டு இன்ஜினியர் கொடுத்த சான்றும் இருக்கும். அதை கேட்டதும் பேச்சை மாற்றினால் விவகாரம் வேறு. சரக்கு நிஜமாகவே நல்லது என்றாலும், அந்த மாடலுக்கு இந்தியாவில் நாட்டர் பாகம் கிடைக்கிறதா என்று ஒரு போன் போட்டு கேட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்க.

டிராக்டர் தாங்குமா?

பேலரின் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். சின்ன செவ்வக மெஷினுக்கு 35 குதிரைத்திறனுக்கு குறையாத டிராக்டர் வேண்டும். பொன்னேரி பக்கத்து களிமண் வயலில், அறுவடை முடிந்து ஈரம் காயாத நேரத்தில், ஒரு டன் இரும்பை இழுத்தபடி ஓட்ட 45, 50 இருந்தால்தான் நிம்மதி. வயல் சின்னது, வரப்பு நெருக்கம், ஈரம் அதிகம் என்றால் செவ்வக மெஷினை விட்டு விட்டு உருளை மெஷின் பக்கம் போவதே புத்திசாலித்தனம். லாரி ஏற்றும் லாபத்துக்காக மெஷினை சேற்றில் புதைக்க முடியாது.

வைக்கோல் ஈரமாக இருக்கும்போது அவசரப்பட்டு கட்டினாலும் ஆபத்து. இறுக்கி கட்டிய ஈர வைக்கோல் உள்ளே சூடேறி பூசணம் பிடிக்கும். அடுக்கி வைத்த போர் தானாகவே தீப்பிடிக்கிற அளவுக்கும் போகலாம். நடுவில் கையை விட்டு பார்த்து சூடு தெரிந்தால் உடனே பிரித்துப் போட வேண்டும்.

லுங்கி கட்டிட்டு கிட்டே போகாதீங்க

சுற்றுகிற தண்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். பழைய மெஷின்களில் அது உடைந்து காணாமல் போயிருக்கும். 540 சுற்றில் லுங்கி நுனியோ, துண்டோ பட்டால் ஆளை சுருட்டி இழுக்க ஒரு நொடி போதும். உறை விலை சொற்பம். மெஷினை வீட்டுக்கு கொண்டு வரும் முன்பே அதை மாட்டி விடுங்க. அடைப்பு எடுக்க கையை விடுவதானால் எஞ்சினை அணைத்து, பிளைவீல் முழுசாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். டிராக்டரை நிறுத்திய பிறகும் பிளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும். அந்த நேரத்தில் ஊசி மேலே பாய்ந்தால் விரல் மிஞ்சாது.

கயிறு விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். செவ்வக கட்டில் அழுத்தம் அதிகம். உருளை கட்டுக்கு சுற்றுகிற மெல்லிய சணலை போட்டால் பட் பட்டென்று அறுந்து, பழி நாட்டர் மேல் விழும். அதற்காக பிளாஸ்டிக் கயிறு போட்டால் கட்டு உறுதியாக நிற்கும், ஆனால் வைக்கோலோடு அதை மாடு தின்றால் செரிக்காது. வயிற்றில் தங்கி, மாடு தீவனம் எடுக்காமல், பால் குறைந்து, கடைசியில் ஆபரேஷன் வரை போகும். ஒரு கட்டுக்கு இரண்டு கயிறு. பிரிக்கும்போது இரண்டையும் உருவி எடுத்து விட வேண்டும்.

இவ்வளவு ரிஸ்க் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. வேளாண்மை பொறியியல் துறையில் டிராக்டரோடு வைக்கோல் கட்டும் கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ‘இ-வாடகை’ மூலம் பதிவு செய்யலாம். ஒரு சீசன் வாடகைக்கு ஓட்டிப் பார்த்தால் எத்தனை கட்டு தேறுகிறது, லாரி வாடகை போக என்ன மிஞ்சுகிறது என்று கையில் கணக்கு நிற்கும். அதே துறையில் புது கருவிக்கு மானியமும் உண்டு, பழைய மெஷினுக்கு கிடையாது. திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது, சொர்ணவாரி ஆடி, ஆவணியில் வருகிறது. அறுவடை நேரத்தில் எந்த விற்பனைக்காரரும் விலையில் இறங்க மாட்டார். ஆனால் 50 கட்டு போட்டு காட்டச் சொல்ல அதுதான் நேரம்.